மூத்த மகனுக்கு மட்டும்

அன்புள்ள கமலாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. பாகப்பிரிவினைப் பத்திரம் ஒருவழியாகப் பதிவாகிவிட்டது என்று படித்த பிறகுதான் மனம் ஆறியது. அண்ணன்மாரோடு உனக்கும் சமபங்கு எழுதியது பெரிய காரியம். தென்னந்தோப்பு நான்கு துண்டாகப் போனதில் உனக்குள்ள வருத்தமும் புரிகிறது. "யாராவது ஒருத்தர் கையில் முழுசாக இருந்திருக்கலாம்" என்று எழுதியிருக்கிறாய். நான் அப்போதுதான் சாட்ஸ்வொர்த் மாளிகையைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். எல்லாவற்றையும் ஒரே ஆள் கையில் முழுசாக விட்டுக்கொண்டே வந்த குடும்பத்தின் வீடு அது. அதனால் இந்தக் கடிதம் பெரும்பாலும் அவர்கள் கதைதான்.

எங்கள் பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். மகனுக்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் வேலை நன்றாகவே போகிறது. பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். நான் விடுவதாக இல்லை. குளிரில் முழங்கால் பிடிக்கிறது, மற்றபடி குறையில்லை. இங்குள்ள நூலகத்தில் சரித்திரப் புத்தகங்கள் கொட்டிக்கிடக்கின்றன, பொழுது நன்றாகப் போகிறது.

சாட்ஸ்வொர்த் பக்கத்தில்தான், டார்பிஷயரில் டெர்வென்ட் ஆற்றங்கரையில் இருக்கிறது. டெவன்ஷயர் டியூக்குகளின் வீடு. பட்டத்தின் பெயர்தான் டெவன்ஷயர். குடும்பப் பெயர் கேவண்டிஷ். அரச குடும்பத்துக்கு அடுத்தபடியாக டியூக்தான் உச்சப் பட்டம். அதற்குக் கீழே மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன் என்று படிகள். டியூக்கின் மூத்த மகன் அப்பா இருக்கும்வரை ஹார்ட்டிங்டன் மார்க்விஸ் என்று அழைக்கப்படுவான். அவனுடைய மூத்த மகன் பர்லிங்டன் ஏர்ல். இளைய மகன்களுக்குப் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு 'லார்ட்' உண்டு, அதுவும் அவர்களோடு போய்விடும். வீடு, நிலம், படம், பாத்திரம் எல்லாம் பட்டத்தோடு ஒருவனுக்கே போகும்படி அந்தக் காலத்தில் பத்திரங்களில் கட்டிவைத்துவிடுவார்கள். மகள்களுக்குச் சீர் உண்டு, பட்டம் கிடையாது.

ஆனால் கமலா, இந்தக் குடும்பத்தை நிறுத்தியதே ஒரு பெண். ஹார்ட்விக் பெஸ் என்பார்கள். பெரிய வசதியில்லாத நிலக்காரர் வீட்டில் பிறந்தவள், நான்கு முறை மணமானவள். இரண்டாவது கணவர் வில்லியம் கேவண்டிஷ், எட்டாம் ஹென்றி காலத்தில் கிறிஸ்தவ மடங்களைக் கலைத்துச் சொத்துகளைக் கணக்கெடுத்த அதிகாரிகளில் ஒருவர். குடும்பத்தின் முதல் செல்வம் அப்படி வந்தது என்பதை மறக்கக்கூடாது. தெற்கே இருந்த நிலங்களை விற்க வைத்து, தன் ஊர்ப் பக்கமே வந்து 1549இல் 600 பவுண்டுக்கு சாட்ஸ்வொர்த்தை வாங்க வைத்தவள் பெஸ்தான். 1557இல் கணவர் இறந்தபோது அவர் பொறுப்பிலிருந்த அரசுக் கணக்கில் 5,000 பவுண்டுக்கு மேல் குறைந்தது. கைக்குழந்தைகளையும் அந்தக் கடனையும் வைத்துக்கொண்டு அவள் நிலத்தைக் கைவிடவில்லை. நான்காவது கணவர் ஷ்ரூஸ்பரி ஏர்ல். அந்தக் கல்யாணத்தோடு சேர்த்துத் தன் மகன் ஒருவனுக்கும் மகள் ஒருத்திக்கும் அவருடைய பிள்ளைகளையே முடித்துவைத்தாள். ஸ்காட்லாந்து அரசி மேரியைச் சிறைக்காவலில் வைத்திருந்தது அந்தக் கணவரின் பொறுப்பில்தான். சாட்ஸ்வொர்த்திலும் அவள் பலமுறை அடைபட்டிருந்தாள். கணவரோடு மனத்தாங்கல் முற்றிப் பிரிந்த பிறகு, எழுபதை நெருங்கும் வயதில் பெஸ் ஹார்ட்விக் மாளிகையைக் கட்டி முடித்தாள். கண்ணாடி விலைமதிப்பற்றதாக இருந்த காலத்தில் சுவரைவிட ஜன்னல் அதிகம் தெரிகிற வீடு. கோபுரங்களின் உச்சியில் தன் பெயரின் முதலெழுத்துகளை ஆளுயரத்துக்கும் மேலாகக் கல்லில் செதுக்கி வைத்தாள். எனக்கு அதில் கர்வமாகத் தெரியவில்லை. பெண்ணின் பெயரைப் பத்திரத்தில் எழுதாத காலத்தில் அவள் வானத்தில் எழுதினாள்.

பட்டம் வந்த வழியைப் பார். பெஸ்ஸின் மூத்த மகன் ஹென்றிக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது. சட்டப்படி சாட்ஸ்வொர்த் அவனுக்குப் போனது, அவனோ அதைத் தம்பி வில்லியமுக்கே விற்றுவிட்டான். அம்மாவின் செல்லமான அந்த இரண்டாம் மகன்தான் 1618இல் டெவன்ஷயர் ஏர்ல் ஆனான். முதலாம் ஜேம்ஸ் அரசருக்குப் பணம் தேவைப்பட்ட காலம். 10,000 பவுண்டு கொடுத்து வாங்கிய பட்டம் என்று சொல்கிறார்கள். மூத்தவனுக்கே எல்லாம் என்று நின்ற குடும்பம் இளையவன் வழியில் தொடங்கியிருக்கிறது. அந்த வீட்டுப் பையன்களுக்குப் பாடம் சொல்ல வந்தவர்தான் தத்துவ அறிஞர் தாமஸ் ஹாப்ஸ். வாழ்நாளில் பெரும்பகுதி அவர்களோடு கழித்து, 1679இல் ஹார்ட்விக்கிலேயே இறந்தார்.

நான்காவது ஏர்ல் 1688இல் பெரிய துணிச்சல் செய்தார். இரண்டாம் ஜேம்ஸ் அரசரை எதிர்த்து, ஹாலந்திலிருந்து இளவரசர் வில்லியமை வரச்சொல்லி எழுதிய கடிதத்தில் கையெழுத்திட்ட ஏழு பேரில் அவரும் ஒருவர். தோற்றிருந்தால் தலை போயிருக்கும். ஜெயித்ததால் 1694இல் டியூக் பட்டம் வந்தது. அதற்குப் பிறகு ஏறுமுகம்தான். நான்காம் டியூக் கொஞ்ச காலம் பிரதமராகவும் இருந்தார். அவர் மணந்த சார்லட் பாயில், பர்லிங்டன் ஏர்லின் வாரிசு. அவளோடு சிஸிக் மாளிகை, போல்டன் அபே, அயர்லாந்தில் லிஸ்மோர் கோட்டை எல்லாம் வந்து சேர்ந்தன. பெண் வழியாக வந்த சொத்து, அடுத்த தலைமுறையில் மறுபடி ஆண் கையில் பூட்டப்பட்டது.

இனி நான் சொல்லப்போவது ஜார்ஜியானாவைப் பற்றி. ஸ்பென்சர் குடும்பத்துப் பெண். 1774இல், பதினேழு வயதை ஒட்டி, ஐந்தாம் டியூக்குக்குக் கட்டிக்கொடுத்தார்கள். லண்டனே அவளைப் பார்த்து உடுத்தியது. 1784 வெஸ்ட்மின்ஸ்டர் தேர்தலில் ஃபாக்ஸ் என்ற அரசியல்வாதிக்காகத் தெருத்தெருவாக வாக்குக் கேட்டாள். கசாப்புக்கடைக்காரருக்கு முத்தம் கொடுத்து ஓட்டு வாங்கினாள் என்று கேலிச்சித்திரம் போட்டு அவமானப்படுத்தினார்கள். வீட்டில் அவளுக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று: ஓர் ஆண் வாரிசு. கருச்சிதைவுகள், இரண்டு மகள்கள், அதன் பிறகு 1790இல்தான் மகன். கல்யாணமாகிப் பதினாறு ஆண்டு. கணவருக்கு வேறொருத்தியிடம் பிறந்த பெண்குழந்தையை அவளே வளர்த்தாள். கணவரின் காதலி எலிசபெத் ஃபாஸ்டர் அதே வீட்டில் இருந்தாள். அவளுக்கு டியூக்கிடம் பிறந்த பிள்ளைகளும் பிறகு அந்த வீட்டிலேயே வளர்ந்தார்கள். ஜார்ஜியானா, சார்லஸ் கிரே என்ற இளம் அரசியல்வாதியிடம் கருவுற்றபோது மட்டும் வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டாள். 1792இல் பிறந்த அந்தப் பெண்குழந்தையைக் கிரேயின் பெற்றோரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு ஆண்டு தன் மற்றப் பிள்ளைகளைப் பார்க்காமல் இருந்துதான் வீடு திரும்ப முடிந்தது. சாட்ஸ்வொர்த்தில் அவள் படத்துக்கு முன்னால் கூட்டம் நின்று ரசிக்கிறது. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, கமலா.

அவள் அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற மகன், ஆறாம் டியூக், கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அவருக்கு இரண்டு அக்காமார் இருந்தும், பட்டம் சிற்றப்பாவின் பேரனுக்குப் போனது.

ஆனால் அந்த மனிதருக்கு ஆளை அறியும் கண் இருந்தது. 1826இல் தன் தோட்டத்துக்குத் தலைமைத் தோட்டக்காரராக இருபத்திரண்டு வயதுப் பையனை வைத்தார். ஏழை விவசாயக் குடும்பத்தில் ஏழாவது மகன், ஜோசப் பாக்ஸ்டன். வேலையில் சேர்ந்த நாளன்று விடியற்காலை நாலரை மணிக்கு வந்து, கதவு திறக்காததால் மதில் ஏறிக் குதித்து, தோட்டம் முழுக்கச் சுற்றிப் பார்த்து, ஆட்களுக்கு வேலையும் பிரித்துக்கொடுத்துவிட்டார். பிறகு வீட்டு மேற்பார்வைக்கார அம்மாவோடு காலை உணவுக்கு உட்கார்ந்தபோது அந்த அம்மாவின் உறவுப்பெண் சாராவைப் பார்த்து மனம் பறிகொடுத்தார். எல்லாம் காலை ஒன்பது மணிக்குள்! பிறகு அவளையே கட்டிக்கொண்டார். அவர் அங்கே 277 அடி நீளத்தில் கட்டிய கண்ணாடிக்கூடத்துக்குள் குதிரைவண்டியே ஓடும். நிலத்துக்கடியில் சுரங்கவழியாக நிலக்கரி கொண்டுபோய்க் கொதிகலன்களில் எரித்து அதைச் சூடாக வைத்திருந்தார்கள். அந்தப் பழக்கத்தில்தான் 1851 லண்டன் கண்காட்சிக்குப் படிக மாளிகையைக் கட்டினார். முதல் உலகப்போரில் நிலக்கரி கிடைக்காமல் செடிகள் செத்தன. 1920இல் சாட்ஸ்வொர்த் கண்ணாடிக்கூடத்தை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். இப்போது அதன் அடித்தளச் சுவர் மட்டும் இருக்கிறது, நடுவே செடிப்புதிர் ஒன்று.

அந்தத் தோட்டத்திலிருந்து ஒன்று நம் ஊர்வரை வந்திருக்கிறது. மொரீஷியஸிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த குட்டை வாழைக்கன்று ஒன்றைப் பாக்ஸ்டன் சாட்ஸ்வொர்த்தில் வளர்த்து, 1835இல் பூக்க வைத்து, முதலாளியின் குடும்பப் பெயரை அதற்கு வைத்தார். பாதிரிமார் கன்றுகளைச் சமோவாத் தீவுக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து பசிபிக் தீவுகளெங்கும் பரவியது. உலகச் சந்தையை ஆண்ட பழைய வாழை ரகம் பனாமா வாடல்நோயில் 1950களில் அழிந்தபோது கேவண்டிஷ்தான் அந்த இடத்தைப் பிடித்தது. தேனிப் பக்கம் திசுவளர்ப்புக் கன்று வாங்கிப் போடுகிறார்களே ஜி-9, அதுவும் கேவண்டிஷ் இனம்தான். இப்போது இந்த ரகத்தையும் புதுவகை வாடல்நோய் துரத்துகிறது. டியூக் பட்டத்தைக் கேள்விப்படாத கோடிப் பேர் வாயில் அந்தக் குடும்பத்தின் பெயர் தினமும் போகிறது. போட்டவர் ஒரு தோட்டக்காரர்.

அறிவியலில் அந்தப் பெயரை நிறுத்தியவரும் பட்டமில்லாதவரே. ஹென்றி கேவண்டிஷ், இரண்டாம் டியூக்கின் இளைய மகன் வயிற்றுப் பேரன். கூச்சம் மிகுந்தவர், வீட்டு வேலைக்காரப் பெண்களிடம்கூடச் சீட்டெழுதி வைத்துத்தான் சாப்பாடு சொல்வார். ஹைட்ரஜனைத் தனி வாயுவாக 1766இல் காட்டினார். 1797–98இல், அறுபத்தாறு வயதில், ஈயக் குண்டுகளைத் தொங்கவிட்டு அவற்றின் ஈர்ப்பை அளந்து பூமியின் அடர்த்தியைக் கணக்கிட்டார். தன் உடம்புச் சூடு காற்றை அசைத்துவிடக்கூடாது என்று அறைக்கு வெளியே நின்று தொலைநோக்கியால் பார்த்தார். தண்ணீரைப்போல் 5.48 மடங்கு என்று அவருக்கு வந்தது. இன்றைய கணக்கு 5.51. மின்சாரம் பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதியை வெளியிடாமலே இறந்துபோனார். ஏழாம் டியூக் கேம்பிரிட்ஜில் தன் பணத்தில் கேவண்டிஷ் ஆய்வகம் கட்டிக்கொடுத்தார். அதன் முதல் பேராசிரியரான மேக்ஸ்வெல் அந்தக் குறிப்புகளைத் தேடியெடுத்து 1879இல் பதிப்பித்தார். டியூக்குகளில் எனக்கு மதிப்புள்ளவர் என்றால் இந்த ஏழாமவர்தான். கணக்கு படித்தவர், தன் குடும்பத்து மூத்தவர் ஹென்றியின் அறிவுக்கு உரிய இடத்தைக் கட்டினார்.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. பத்தாம் டியூக்கின் மூத்த மகன் பில்லி, அமெரிக்காவின் கென்னடி குடும்பத்துக் கேத்லீனை 1944 மே மாதம் மணந்து, செப்டம்பரில் பெல்ஜியப் போர்முனையில் கொல்லப்பட்டான். பட்டம் தம்பி ஆண்ட்ரூவுக்கு என்றானது. பத்தாம் டியூக் சொத்தை 1946இல் ஓர் அறக்கட்டளைக்கு மாற்றியிருந்தார். ஐந்து ஆண்டு உயிரோடிருந்தால் வாரிசு வரி கிடையாது. சில மாதங்கள் குறைவாக, 1950 நவம்பரில் விறகு வெட்டிக்கொண்டிருந்தபோது திடீரென்று இறந்தார். நூற்றுக்கு எண்பது வரி! ஹார்ட்விக்கை அரசுக்குக் கொடுத்தார்கள், ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் போனது, ஹோல்பைன், ரூபன்ஸ், ரெம்பிராண்ட் ஓவியங்கள் போயின. ஒரே கையில் இருந்தால் பிழைக்கும் என்றாயே, ஒரே கையில் இருந்ததால்தான் ஒரே சாவில் இவ்வளவு போனது.

மிச்சத்தைக் காப்பாற்றியது ஆண்ட்ரூவின் மனைவி டெபோரா. இங்கே பேர்போன மிட்ஃபோர்ட் சகோதரிகளில் கடைக்குட்டி. போர்க்காலத்தில் பெண்கள் பள்ளிக்கூடம் நடந்து பாழடைந்திருந்த வீட்டை அறை அறையாகத் திறந்தார். பண்ணைக் கடை போட்டார், கோழி வளர்த்தார், நுழைவுச்சீட்டு மேசையில் தானே உட்கார்ந்தார். 1981இல் வீடு அறக்கட்டளைக்குக் குத்தகையாகப் போனது. குடும்பம் வாடகை கொடுத்துக் குடியிருக்கிறது. பண்ணைக் கடையில் நான் வாங்கிய பாலாடைக்கட்டி நன்றாக இருந்தது, பேத்தி முழுவதையும் தீர்த்துவிட்டாள்.

1999இல் பரம்பரைப் பிரபுக்களில் பெரும்பாலோர் பாராளுமன்ற மேலவை இருக்கையை இழந்தார்கள். 2013இல் அரச குடும்பத்தில் மூத்த பெண்ணும் தம்பிக்கு முன்னால் அரியணை ஏறலாம் என்று சட்டம் செய்தார்கள். ஆனால் அந்தச் சட்டம் டியூக் பட்டங்களைத் தொடவில்லை. நாட்டுக்கு அரசியாகலாம், அப்பாவின் பட்டத்துக்கு வாரிசாக முடியாது என்பது எனக்குக் கோபமாக வருகிறது. பெஸ் இருந்திருந்தால் ஒரு வழக்கறிஞரையும் விட்டுவைத்திருக்க மாட்டாள்.

வெயில் வந்ததும் ஹார்ட்விக் போகிறோம். பெஸ்ஸின் பேத்தி ஆர்பெல்லா அங்கேதான் பாட்டியின் காவலில் வளர்ந்தாள். இங்கிலாந்து அரியணைக்கு உரிமை இருந்தும் லண்டன் டவர் சிறையில் 1615இல் இறந்தாள். அவளைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். உன் கண் அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்துவிட்டார்களா? மருந்து விடுவதில் சோம்பல் வேண்டாம். உன் பங்கு நிலத்துக்குத் தனிப் பட்டா மாறுதலுக்கு உடனே மனுக் கொடு, அண்ணன்மார் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாதே.

அன்புடன்,
உன் ராஜம்