2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

மலேசியத் தேசியக் கால்பந்து அணியின் ஆட்டங்களுக்குப் பேராக் மாநிலச் சுங்கை சிப்புட்டிலிருந்து சேர்ந்து போய்வர வேண்டும் என்பதற்காகத் தொடங்கப்பட்டது நமது சங்கம். அதன் 2024ஆம் ஆண்டு அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் ஜனவரி 25ஆம் தேதி வழக்கம்போல் நடந்தது. அதே நாள்தான் கத்தாரில் ஆசியக் கிண்ணப் போட்டியில் நம் அணி தென் கொரியாவைச் சந்தித்தது. பந்தல் வேலையில் இருந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம். 90 நிமிடம் முடிந்து மேலும் 15ஆவது நிமிடத்தில் ரோமெல் மொராலஸ் அடித்த கோலில் ஆட்டம் 3-3 என முடிந்தது. ஃபுட்சால் போட்டி நடந்தது. தீபாவளிக்கு வசதி குறைந்த குடும்பங்களுக்குப் பொருள் கொடுத்தோம். ஈப்போ அரங்கில் பேராக் அணியின் ஆட்டங்களுக்கு உறுப்பினர்கள் அவரவர் வசதிப்படி போய்வந்தார்கள்.

இந்த ஆண்டின் முக்கிய வேலை என்று நான் சொல்வது டிசம்பர் 20ஆம் தேதி கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்திற்குப் போன பயணம். அதைப் பற்றி ஆளுக்கொரு விதமாகப் பேச்சு அடிபடுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தென்கிழக்காசிய நாடுகள் மோதும் ஆசியான் கிண்ணப் போட்டியின் பிரிவுச் சுற்றில் கம்போடியாவுடன் 2-2 சமன், திமோர் லெஸ்தேவை 3-2 என வெற்றி, தாய்லாந்திடம் 0-1 தோல்வி. கடைசி ஆட்டம் சிங்கப்பூருடன். நமக்கு வெற்றி மட்டுமே உதவும், அவர்களுக்குச் சமன் போதும். இப்படிப்பட்ட ஆட்டத்திற்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதற்கு ஒரு சங்கம் தேவையில்லை என்று செயலவையில் சொன்னேன், எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

எனக்கு இதில் இன்னொரு எண்ணமும் இருந்தது. நம்மிடம் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்ற மூத்த உறுப்பினர்கள் இருக்கிறார்கள். கோல் காவலர் ஆர். ஆறுமுகம் விளையாடியதைக் கண்ணால் பார்த்தவர்கள். 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற கதையை இன்றும் நேற்று நடந்ததுபோல் சொல்வார்கள். ஆனால் 1998இல் காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டிய புக்கிட் ஜாலிலுக்குள் அவர்களில் பலர் காலெடுத்து வைத்ததில்லை. 2010 டிசம்பர் 26ஆம் தேதி கே. இராஜகோபால் பயிற்சியளித்த அணி அதே ஆசியான் கிண்ணத்தின் முதல் இறுதியாட்டத்தில் அங்கே இந்தோனேசியாவை 3-0 என வென்றபோதும் தொலைக்காட்சியில்தான் பார்த்தார்கள். நம் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் தேசிய அணிக்கு அந்தக் கிண்ணத்தை வாங்கித் தர வழி திறந்த அரங்கம் அது. இவர்களை ஒரு தடவையாவது அங்கே உட்கார வைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

44 பேர் அமரும் பேருந்து பேசப்பட்டது. பெயர் கொடுத்தவர்கள் 43 பேர். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கட்டைவிரலும் நம் அணியின் புலிச் சின்னமும் வரிசையாக வந்தன. டிக்கெட்டையும் பேருந்துக்கான முன்பணத்தையும் நானும் பொருளாளரும் எங்கள் கைப்பணத்தில் கட்டினோம். புறப்படும் நேரத்தில் வந்து நின்றவர்கள் 29 பேர்.

வெள்ளிக்கிழமை வேலை நாள், எனக்கும் தெரியும். விடுப்பு கிடைக்காதவர்கள் முதல் நாளே சொன்னார்கள், அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. பேருந்து கிளம்பிய பிறகு தொலைபேசியை எடுக்காதவர்களைப் பற்றித்தான் சொல்கிறேன். அந்த 14 இடத்திற்கும் நாம் பணம் கட்டியிருக்கிறோம். இரண்டு டிக்கெட்டை மட்டும் அரங்க வாசலில் வாங்கிய விலைக்கே கொடுக்க முடிந்தது.

வழியில் தாப்பா ஓய்விடத்தில் நிறுத்திச் சாப்பிட்டோம். மகளிர் பிரிவினர் கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் செலவைப் பெரிதும் குறைத்தன. ரவாங் தாண்டியதும் மழை, டூத்தா டோலுக்குப் பிறகு கடும் நெரிசல்.

இப்போது எல்.ஆர்.டி. என்ற நகர ரயில் விவகாரம். பேருந்தை நேராக அரங்கத்திற்கு விடாமல் பண்டார் தாசிக் செலாத்தானில் இறக்கி, அங்கிருந்து ரயிலில் கூட்டிப் போனது எதற்கு, வயதானவர்களை அலைய விடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் பயணத்திற்கே வராதவர்கள். காரணம் இதுதான்: 87,000 பேருக்கு மேல் அமரும் அரங்கம் அது. பாதி நிரம்பினாலும் ஆட்டம் முடிந்ததும் அத்தனை காரும் மோட்டார் சைக்கிளும் ஒரே நேரத்தில் அந்தச் சில சாலைகளுக்குள் நுழையும். உள்ளே மாட்டிய பேருந்து எப்போது வெளியே வரும் என்று யாரும் சொல்ல முடியாது. பண்டார் தாசிக் செலாத்தானிலிருந்து சுங்கை பீசி, அடுத்தது புக்கிட் ஜாலில். இரண்டே நிலையம். இறங்கினால் அரங்கம் நடக்கும் தூரம்தான். நாம் ரயிலில் திரும்பி வந்து பேருந்தில் ஏறியபோது, நேராக அரங்கம் வரை போன வேறு ஊர்க்காரர்கள் இன்னும் வாகன நிறுத்துமிடத்தைவிட்டே நகரவில்லை என்று தகவல் வந்தது. அடுத்த முறையும் இப்படித்தான் போவோம். டச் அண்ட் கோ கட்டண அட்டையில் பணம் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று நான் எழுதியதைப் படித்திருந்தால், டோக்கன் வாங்க வரிசையில் நின்ற நேரமும் மிச்சமாகியிருக்கும்.

அரங்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இனிமேல் போகிறவர்களுக்கு உதவும். 2017 சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுக்காகப் புதுப்பித்தபோது வெளிச்சுவரில் விளக்குப் பொருத்தினார்கள். இரவில் ரயிலை விட்டு இறங்கும்போதே அந்த வெளிச்சம் தெரியும். உள்ளே ஓட்டப் பாதை இருப்பதால் ஆடுகளம் இருக்கையிலிருந்து தள்ளித்தான் இருக்கும். கோல் கம்பத்திற்குப் பின்னால் கீழே உட்கார்ந்தால் எதிர்ப்பக்கத்தில் நடப்பது சரியாகப் புரியாது. மேல்தளத்தில் ஆட்டம் முழுவதும் தெளிவாகத் தெரியும், ஆனால் படிகள் செங்குத்து. மூட்டுவலி உள்ளவர்களுக்குக் கீழ்த்தளம், இளைஞர்களுக்கு மேல்தளம் என்று டிக்கெட்டைப் பிரித்து வாங்கியது அதனால்தான், ஆளுக்கு ஆள் பாரபட்சம் பார்த்து அல்ல. வாசல் சோதனையில் தண்ணீர்ப் போத்தலை வாங்கி வைத்துவிடுகிறார்கள். மருந்து சாப்பிடுகிறவர்கள் உள்ளே போகும் முன்பே சாப்பிட்டுவிட வேண்டும்.

ஆட்டம் 0-0. அரையிறுதிக்கு நாம் போகவில்லை, சிங்கப்பூர் போனது. கடைசிக் கால் மணி நேரம் நம் பக்கம் ஒருவரும் உட்காரவில்லை. திரும்பும் ரயிலில் சிங்கப்பூர் ஆதரவாளர்கள் சிலர் இருந்தார்கள், அவர்களிலும் தமிழர்கள் உண்டு. எல்லை தாண்டி வந்தவர்கள், இரவோடு இரவாகத் திரும்புகிறவர்கள். ஒரு வம்பும் இல்லை, கைகொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களுடைய மன்றத்தில் முன்கூட்டியே முழுப் பணம் கட்டியவர்களுக்கு மட்டும்தான் டிக்கெட்டாம். அதை நம் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும்.

தோற்றதற்குச் சமமான ஆட்டத்திற்கு இத்தனை பணமா என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நமது மூத்த உறுப்பினர் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், தேசிய கீதமான நெகாராக்கூ பாடும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேருந்தில் ஏறியதும், "தம்பி, கோல் விழலை, பரவாயில்லை. அடுத்த ஆட்டத்துக்கும் என் பேரை எழுதிக்கோ," என்றார். மறுநாள் காலையிலேயே பாக்கி இல்லாமல் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான்.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவும் செலவும் ஏறக்குறையச் சரியாக இருக்கின்றன. கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு, அதற்குப் புக்கிட் ஜாலில் பயணத்தின் காலி இருக்கைகள்தான் பெரிய காரணம். ஆண்டுச் சந்தா 24 வெள்ளி (ரிங்கிட்), மாதம் 2 வெள்ளி, ஒரு தே தாரிக் காசு. அதைக்கூட உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கட்டவில்லை, சிலருக்கு இது மூன்றாவது ஆண்டு. பெயர்களை இங்கே வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது.

தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும் கணக்காய்வாளர்களுக்கும் மண்டபம் தந்து உதவிய ஆலய நிர்வாகத்திற்கும் மகளிர் பிரிவினருக்கும் நன்றி. இரவு முழுவதும் நிதானமாக ஓட்டி வந்த பேருந்து ஓட்டுநருக்குத் தனிப்பட்ட நன்றி.

அடுத்த ஆண்டு, 2025இல், ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் மார்ச் 25இல் நேப்பாளமும் ஜூன் 10இல் வியட்நாமும் இங்கே வந்து விளையாட வேண்டும். வியட்நாம் ஆட்டம் புக்கிட் ஜாலிலில் நடந்தால் கட்டாயம் போக வேண்டும் என்பது என் விருப்பம். 2018 இறுதியாட்டத்தில் அதே அணியுடன் அங்கே 2-2 எனச் சமன் கண்டு, பிறகு ஹனோயில் கிண்ணத்தை விட்டோம், அந்தக் கடன் இன்னும் தீரவில்லை. ஆனால் இனிமேல் கைப்பணம் போட்டு டிக்கெட் வாங்க என்னாலும் பொருளாளராலும் முடியாது. செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைக்கிறேன், கோப்புகள் ஒழுங்காக இருக்கின்றன. நானே தொடர வேண்டும் என்று நினைத்தால், போக விரும்புகிறவர்கள் பழைய சந்தாவைக் கட்டிவிட்டு, ஆளுக்கு 50 வெள்ளி முன்பணத்தை ஏப்ரல் மாத இறுதிக்குள் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். 30 ரசீது சேர்ந்த பிறகுதான் பேருந்து பேசப்படும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்