விசாரணையைக் கீழ்த்தளத்தில் வையுங்கள், ஐயா

மதிப்பிற்குரிய மேல்முறையீட்டு அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். திசையன்விளைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பதநீர் இறக்கப் போய், பனையிலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்ட என் தம்பியின் கோப்பு உங்கள் மேசையில் இருக்கிறது. மருத்துவக் குழு அவன் ஊனத்தை 70 சதவீதம் என்று எழுதியதும், மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு 75 வேண்டும் என்று மனு திரும்பியதும் தாங்கள் அறிந்ததே. அதை இங்கே வாதாடவில்லை, அதற்குத்தான் விசாரணை. அந்த விசாரணை மாடியில் நடக்கிறது என்பதுதான் என் முறையீடு.

போன மாதம் வந்தோம். லிஃப்ட் இல்லை. சக்கர நாற்காலியைக் கீழே விட்டுவிட்டு, டீக்கடையில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கேட்டு வாங்கி, அதில் தம்பியை உட்காரவைத்து நாலு பேர் தூக்கினார்கள். ரெண்டு பேர் முன்பின் தெரியாதவர்கள், நல்லா இருக்கணும். மூத்திரப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நான் கூடவே ஏறினேன். படி திரும்பும் இடத்தில் நாற்காலிக் கால் கம்பியில் மாட்டி, குழாய் இழுபட்டது. பையில் சிவப்பாக இறங்கியது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாததால் அவனுக்குத் தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் "என்னக்கா?" என்றான். "ஒண்ணுமில்லய்யா" என்றேன்.

மேலே காத்துக் கிடந்து கடைசியில் கிடைத்த பதில்: "சார் கேம்ப் போயிருக்காவ. அடுத்த தேதி தபால்ல வரும்."

வந்துவிட்டது. வரும் வியாழக்கிழமை. எம்.ஆர்.ஐ. படம், டிஸ்சார்ஜ் சம்மரி, மூணு செட் ஜெராக்ஸ் எல்லாம் மஞ்சப்பையில் தயார். அன்று அஞ்சு மணி நேரம் அந்த நாற்காலியில் இருந்ததில் வந்த புண்ணுக்கு மருந்து எழுதிய சீட்டும் அதில்தான் இருக்கிறது.

மேல்முறையீடு செய்ய விதி கொடுத்த கெடு 90 நாள். நாங்கள் 41-ஆம் நாளே மனு கொடுத்தோம். இருக்கிற பொதுக் கட்டடங்களை 5 ஆண்டுக்குள் மாற்றுத்திறனாளிகள் வந்துபோகும்படி மாற்ற வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 45-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த 5 ஆண்டு, விதிகள் வந்த நாளிலிருந்து கணக்கு. விதிகள் 2017-இல் வந்தன. கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. எங்களுக்கு இருக்கிற கெடு அரசாங்கத்துக்குக் கிடையாதா? பனை மாநில மரம் என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறார்கள். காலையும் மாலையும் பனையேறினவனை ஒரு மாடிக்கு ஏற்ற நான் ஆள் தேடி அலைகிறேன்.

வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது சலுகை இல்லை. வியாழக்கிழமை கீழ் வராண்டாவில் ஒரு மேசை போட்டு என் தம்பியை விசாரியுங்கள். அவனை இனி மாடிக்குத் தூக்கச் சொல்லாதீர்கள்.

வேனுக்குப் புதன்கிழமை சாயங்காலம் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். மனுவில் என் போன் நம்பர் இருக்கிறது. தயவுசெய்து அதற்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பனையேறியின் அக்கா