சிவப்புத் தொப்பியைக் கழற்றிவிட்டு வா, மச்சான்

கல்லடி, மட்டக்களப்பு
2025 செப்டம்பர் 4

அன்புள்ள மச்சான்,

போன ஞாயிற்றுக்கிழமை இரவு நீ அனுப்பிய குறுஞ்செய்தியை நான்கு நாட்களாகத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். "நம் கார் இரண்டும் ஒரே வளைவில் போய்விட்டனவே." ஆறே சொற்கள். செய்தியில் பிழையில்லை. நெதர்லாந்தில் நடந்த போர்முலா வன் கார்ப் பந்தயத்தில், சாண்ட்வோர்ட் திடலின் மூன்றாவது வளைவில் முதலில் பெராரி அணியின் ஹமில்டன் தடுப்பில் போய் மோதினார். பிறகு அதே இடத்தில் மெர்சிடிஸ் ஓட்டுநர் அன்டொனெல்லி இடித்து, பெராரியின் மற்ற ஓட்டுநர் லெக்லேரின் கதையும் முடிந்தது. என்னைக் குத்தியது அந்த 'நம்'. 'எங்கள் கார்' என்று எழுதியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்தச் சொல்லுக்குள் நான் இல்லை. நீயோ 'நம்' என்று எழுதி, என்னையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்திருக்கிறாய். இருபத்தொரு வருடம் பெராரியை ஏசிய வாயடா அது. உன் ஹமில்டன் இந்த வருடம் பெராரிக்கு மாறியதும் நீயும் மாறிவிட்டாய்.

நேரில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நம் இருவரையும் அறிந்தவர்கள் படித்துத் தீர்ப்புச் சொல்லட்டும் என்றே எல்லோரும் பார்க்கும் இடத்தில் போடுகிறேன்.

தொடக்கத்தை நீ மறந்திருக்கமாட்டாய். மாமா பஹ்ரைனில் வேலை செய்த காலம். 2004 ஏப்ரலில் அங்கே முதலாவது கிராண்ட் பிரி பந்தயம் நடந்தது, பெராரியின் ஷூமாக்கர் வென்றார். மாமா பந்தயத்திடல் பக்கமே போகவில்லை. விடுமுறைக்கு வரும்போது மட்டும் இரண்டு தொப்பிகள் கொண்டுவந்தார், ஒன்று பெராரியின் சிவப்பு, மற்றது மெக்லாரனின் வெள்ளி நிறம். "மூத்தவன் முதலில் எடு" என்றார். நான் உன்னைவிட நான்கு மாதம் மூத்தவன், சிவப்பை எடுத்தேன். அவ்வளவுதான். பெராரி எந்த நாட்டு அணி என்பதோ, நியூசிலாந்துக்காரர் ஒருவர் இங்கிலாந்தில் தொடங்கியதுதான் மெக்லாரன் என்பதோ அன்று நமக்குத் தெரியாது. தொப்பியின் நிறம் தெரியும், சண்டை பிடிக்க அது போதும்.

அந்தச் சிவப்புத் தொப்பியை அந்த வருடம் டிசம்பர் 26ஆம் திகதி காலையில் கடல் கொண்டுபோனது. கூடவே போனவற்றை இங்கே எழுதப்போவதில்லை. நாங்கள் புளியந்தீவில் உங்கள் வீட்டில் வந்து இருந்தோம். உன் வெள்ளித் தொப்பி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மாதத்துக்கு மேல் ஒருநாள்கூட நீ அதை என் கண் முன்னால் போடவில்லை. மார்ச்சில் புதிய பருவம் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு வந்து, "உன் ஷூமாக்கர் கிழவன்" என்றாய். நான் உன்னை அடிக்கத் துரத்தினேன். சத்தம் போட்டு விளையாடினாலே அதட்டுகிற அம்மம்மா அன்று ஒன்றும் சொல்லவில்லை. திண்ணையில் இருந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு வந்ததெல்லாம் உனக்கே தெரியும். ஒரே ஒருநாள்தான் நாம் ஒரே பக்கம் நின்றோம். 2005 ஜூன், இண்டியானாபொலிஸ். மிச்செலின் டயர் தாங்காது என்று பதினான்கு கார்கள் ஒரு சுற்றோடு உள்ளே திரும்பிவிட, மிச்சம் ஆறு கார்கள் ஓடின. அந்த ஆறில் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்தார். போர்முலா வன் காரில் ஒரு தமிழர்! ஆறு பேரில் நான்காவது என்பதை மறைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வாரம் பெருமை பேசினோம்.

2007இல் பெராரியின் 780 பக்க ஆவணம் மெக்லாரன் பொறியியலாளர் ஒருவரின் கைக்குப் போனதும், போட்டோக்கொப்பிக் கடைக்காரர் சந்தேகப்பட்டுப் பெராரிக்குத் தகவல் கொடுத்ததும் நம் வயதுக்கு ஒரு துப்பறியும் கதை. மெக்லாரனுக்கு 10 கோடி டொலர் அபராதம், அணிக்கான புள்ளிகள் அத்தனையும் பறிபோயின. நீ அசரவில்லை. "கொப்பி எடுப்பது குற்றமென்றால் நம் உயர்தர வகுப்பு முழுவதும் உள்ளே இருக்கவேண்டும்" என்றாய். அந்தப் பதிலுக்கு இன்றுவரை என்னிடம் பதிலில்லை. அந்த வருடம் பெராரியின் ரைக்கோனன் 110 புள்ளி, மெக்லாரனின் ஹமில்டன் 109, அலொன்சோ 109. ஒரு புள்ளியில் வென்றோம். பெராரி ஓட்டுநர் ஒருவர் உலகக் கிண்ணத்தைத் தூக்கியது அதுதான் கடைசி என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அடுத்த வருடம் நவம்பர் 2. இதை நீ ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாய், உன் பங்கைக் கூட்டியும் சொல்லியிருக்கிறாய். என் பங்கை நானே சொல்கிறேன். பிரேசில் பந்தயம் நமக்கு இரவு பத்தரைக்குப் பிறகு. உங்கள் வீட்டு முன்னறையில் டீவி, சத்தம் அடியில், வெளியே ரோந்து. கிண்ணம் கிடைக்கப் பெராரியின் மாசா வென்றால் மட்டும் போதாது, மெக்லாரனின் ஹமில்டன் ஐந்தாம் இடத்துக்குக் கீழே இருக்கவேண்டும். கடைசிச் சுற்றுகளில் மழை. வெட்டல் முந்திவிட ஹமில்டன் ஆறாவது. மாசா தன் சொந்த ஊரில், தன் மக்கள் முன்னால் கோட்டைக் கடந்தார். பெராரிக் கொட்டகையில் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். நானும் குதித்தேன்; சத்தம் போடமுடியாததால் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தேன். நீ திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உலர்தரை டயரோடு வழுக்கிக்கொண்டிருந்த டொயோட்டா ஓட்டுநர் குளொக்கைக் கடைசி வளைவுகளில் ஹமில்டன் தாண்டினார். ஹமில்டன் 98 புள்ளி, மாசா 97.

அதற்குப் பிறகுதான் என் தண்டனை. கல்லடி கூப்பிடு தூரம். ஆனால் அந்த நாட்களில் நள்ளிரவில் பாலத்தைக் கடப்பது யாருக்கும் விளையாட்டல்ல. உலகக் கிண்ணத்தைத் தோற்றவனும் வென்றவனும் ஒரே பாயில் படுக்கவேண்டியதாயிற்று. விடியும்வரை நீ தூங்கவில்லை, என்னையும் விடவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இருட்டுக்குள் இருந்து "குளொக்" என்பாய். ஒரே சொல். அந்த மனிதர் என்ன பாவம் செய்தார்! இன்றைக்கும் கோயில் மணிக்கூண்டில் 'டொக்' என்று கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது.

அந்த இரவுக்கு நான் ஒருநாள் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றுதான் பதினேழு வருடமாகக் காத்திருக்கிறேன். நீயோ சிவப்புத் தொப்பியில் ஹமில்டனின் எண் 44 என்று போட்டுக்கொண்டு என் வாசலில் வந்து நிற்கிறாய். இனி நான் யாருக்குத் திருப்பிக் கொடுப்பது?

உன் வாதம் எனக்குத் தெரியும்: "நான் ஆளைத்தான் பின்தொடர்கிறேன், அணியை அல்ல." 2013இல் ஹமில்டன் மெர்சிடிஸுக்குப் போனபோதும் இதையேதான் சொன்னாய். அன்று நான் வாயைத் திறக்கவில்லை, எதிர்ப்பக்கத்துக்குள் எங்கே நின்றால் எனக்கென்ன என்று விட்டுவிட்டேன். ஆறு கிண்ணம் வாங்கி என் தலையில் ஏறி இருந்தாய், அதையும் பொறுத்தேன். ஆனால் என்னையும் ஒருமுறை யோசித்துப் பார். 2010இல் ஷூமாக்கரே மெர்சிடிஸ் காரில் ஏறினார். நான் ஏறவில்லை. 2012இல் மொனாக்கோ தகுதிச்சுற்றில் எல்லோரையும்விட வேகமாக ஓட்டிவிட்டு, முந்திய பந்தயத்துத் தண்டனையால் ஐந்து இடம் பின்னால் போய் நின்றாரே, அன்று மட்டும் எழுந்து போய்க் கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வந்தேன். உனக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நம் ஊரில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் வீடு மாறுவான். நீயும் தேற்றாத்தீவுக்குப் போனாய், யாரும் குறை சொல்லவில்லை. ஹமில்டனும் நாற்பது வயதில் பெராரியின் ஊரான மரனெல்லோவுக்கு மாப்பிள்ளையாகப் போயிருக்கிறார், போகட்டும். மாப்பிள்ளைத் தோழனும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகவேண்டும் என்று எந்த வழக்கத்தில் இருக்கிறது?

தேற்றாத்தீவு என்றதும்தான் இது நினைவுக்கு வருகிறது. கொம்புச்சந்திப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறவன் நீ. அந்தச் சந்திக்கு அந்தப் பெயர் ஏன் என்று உன் மாமியாரிடம் கேட்டாயா? அம்மம்மா எனக்குக் கொம்புமுறி பற்றிச் சொல்லியிருக்கிறார். ஊர் இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வயிரம் பாய்ந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி இரு பக்கமும் இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றவர்கள். வென்றவர்கள் பாடுகிற வசையைக் காது கொடுத்துக் கேட்கமுடியாதாம். இத்தனையும் மழை வேண்டியும், நோய் நீங்க வேண்டியும் அம்மனுக்குச் செய்வது. "எல்லோரும் கண்ணகி பக்கமே நிற்கலாமே, அவள்தானே அம்மன்?" என்று சின்ன வயதில் கேட்டேன். அம்மம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அப்போ மற்றக் கொம்பை ஆர் பிடிக்கிறது?" என்றார்.

உனக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். பெராரிக்காரனாக இருக்கப் பழக்கம் வேண்டும், உனக்கு அது கிடையாது. மார்ச்சில் ஷங்காயில் சனிக்கிழமை குறும்பந்தயத்தை ஹமில்டன் வென்றதும் பாற்சோறு பொங்கினாய். ஞாயிற்றுக்கிழமை இரண்டு சிவப்புக் கார்களையும் தகுதிநீக்கம் செய்தார்கள், ஒன்றின் அடிப்பலகை தேய்ந்துவிட்டது, மற்றது ஒரு கிலோ குறைவு. உனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு அன்று மத்தியானமே இறங்கியது. ஹங்கேரியில் பன்னிரண்டாவதாக வந்த ஹமில்டன், அணி வேறு ஓட்டுநரைப் பார்க்கட்டும் என்று தானே சொன்னபோது இரவு பதினொரு மணிக்கு என்னை எழுப்பினாய். 2022இல் அதே ஹங்கேரியில் முன்னால் ஓடிய லெக்லேருக்குக் கடின டயர் மாட்டி ஆறாமிடத்துக்கு அனுப்பியவர்கள் நாங்கள். அன்று நான் யாரை எழுப்பினேன்? கவனி, 'நாங்கள்' என்கிறேன்.

(அந்த வருடத்து ஜூலையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பெற்றோல் வரிசையில் மோட்டார் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுக் கைபேசியில் சில்வர்ஸ்டோன் பார்த்தோம். ஒரு காருக்கு 110 கிலோ எரிபொருள். "அதில் ஐந்து லீற்றர் தந்தால் வீட்டுக்குப் போய்விடுவேன்" என்று பின்னால் நின்ற ஐயா சொன்னார். சைன்ஸ் வென்றார், உன் ஆள் மூன்றாவது. வரிசை அசையவேயில்லை.)

இனி வரும் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தைப் பற்றிச் சொல்கிறேன். அது நடக்கும் இத்தாலியின் மொன்சா திடல் பெராரிக்காரரான எங்கள் கோயில், அதை நீயும் மறுப்பதில்லை. 1988இல் பதினாறு பந்தயங்களில் பதினைந்தை மெக்லாரன் வென்றது, தவறிய அந்த ஒன்று மொன்சா. என்சோ பெராரி இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முன்னால் ஓடிய மெக்லாரன் ஓட்டுநர் சென்னா இரண்டு சுற்று மிச்சமிருக்கையில் ஒரு சுற்றுப் பின்தங்கிய காரோடு மோதி நிற்க, பெர்கரும் அல்போரேட்டோவும் இரண்டு சிவப்புக் கார்களைக் கோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நாம் பிறக்கும் முன் நடந்தது. ஆனாலும் எத்தனை முறை இதை உன் முகத்தில் எறிந்திருக்கிறேன். போன வருடமும் முன்வரிசை இரண்டும் மெக்லாரன். முதல் சுற்றிலேயே பியாஸ்ட்ரி நொரிஸை முந்த, அந்தச் சந்தில் லெக்லேரும் புகுந்தார். அவர்கள் இரண்டு முறை டயர் மாற்றினார்கள், லெக்லேர் ஒரே முறை மாற்றி வென்றார்.

இந்த முறை கணக்கு எனக்குச் சாதகமில்லை. பதினைந்து பந்தயங்களில் பன்னிரண்டு மெக்லாரனுக்கு, பெராரிக்கு ஒன்றுகூட இல்லை. பியாஸ்ட்ரி நொரிஸைவிட 34 புள்ளி முன்னால். ஹமில்டனுக்கு சாண்ட்வோர்ட்டில் வாங்கிய ஐந்து இடத் தண்டனை வேறு. ரெட் புல்லின் வெர்ஸ்டாப்பனை விடு, போன வருடம் அங்கே ஆறாவது வந்தவர். ஆக, உன் பழைய அணி உச்சத்தில் நிற்கிறது. நீ நின்றபோது கவிழ்ந்ததும், நீ விட்டுப் போன பிறகு எழுந்ததும் அதன் தலையெழுத்தோ உன் தலையெழுத்தோ தெரியாது. ஆனால் அந்த நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது.

முழுக்கக் காலி என்றும் சொல்லமுடியாது. என் மகள் அதில் பாதியைப் பிடித்திருக்கிறாள். மெக்லாரனின் அந்தப் பப்பாசி நிறம் அவளுக்குப் பிடித்திருக்கிறதாம், அதனால் நொரிஸ் பக்கம். ஏழு வயது, தனி ஆள். நான் கேலி செய்தால் திருப்பிச் சொல்லத் தெரியாமல் கண்ணைக் கசக்குகிறாள். அவளுக்கு வாய் உள்ள ஆள் ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

பந்தயம் நமக்கு மாலை ஆறரைக்கு. ஐம்பத்து மூன்று சுற்று, எட்டு மணிக்குள் முடிந்துவிடும். அன்று போயா, பௌர்ணமி விடுமுறை, இறைச்சிக் கடை பூட்டு, இடியப்பமும் சொதியும்தான். பத்து மணியளவில் கிரகணம் பிடிக்கிறது, அதற்கு முன் எல்லோரும் சாப்பிட்டுப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிடவேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டார். தங்கச்சியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஆறு மணிக்கே வா. பிள்ளை எந்தத் தொப்பியைப் போட்டாலும் பரவாயில்லை. உன்னுடையதை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்துவிட்டு வா.

இப்படிக்கு,
சிவப்பை முதலில் எடுத்தவன்