அக்கா, அந்த உப்பு டப்பாவை எடை போட்டேன்

அக்கா,

நேற்றோடு அப்பா போய் ஒரு வருஷம். நீ போன் எடுக்க மாட்டாய், மெசேஜைத் திறக்கவும் மாட்டாய். ஆனால் இங்கே வந்து படிக்கிறாய். போன மாதம் நான் எழுதியதில் விட்டுப்போன ஒற்றெழுத்தை யாரோ பெயர் சொல்லாமல் வந்து திருத்திவிட்டுப் போனார்கள். ஒற்றுக்காகச் சண்டை போடுகிறவள் நம் வீட்டில் ஒருத்திதான். அதனால் இங்கேயே எழுதுகிறேன். சித்தப்பா படிப்பார், சித்தியும் படிப்பார். படிக்கட்டும். சிலதை மட்டும் எழுதாமல் விடுகிறேன், உனக்குப் புரியும்.

நேற்று காலையில் அப்பாவின் அறையை ஒழித்தேன். மாத்திரைப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பழைய டானிக் பாட்டில். லேபிளைச் சுரண்டி எடுத்திருந்தார். உள்ளே வெள்ளையாக என்னவோ பாதி அளவுக்கு. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. சாதாரண உப்பு.

சிரிப்பு வந்தது. கள்ளன்! நான் உப்பே போடாமல் சமைத்து, நீ கொடுத்த, சோடியம் குறைந்த உப்பு டப்பாவை மேஜையில் அவர் பக்கத்தில் வைப்பேன். தலையை ஆட்டிக்கொண்டு ஒரு சிட்டிகை தூவுவார், நான் அடுக்களைக்குத் திரும்பியதும் பாட்டிலைத் திறந்திருப்பார். "கசக்குதும்மா" என்று முதல் வாரமே சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. அதில் கலந்திருக்கும் பொட்டாசியம் குளோரைடு நிஜமாகவே கசக்கும், ஒரு உலோக வாடையும் அடிக்கும் என்று அப்புறம்தான் படித்தேன்.

சிரித்து முடித்த பிறகு அடுக்களைக்குப் போய் உன் டப்பாவை மேல்தட்டிலிருந்து இறக்கினேன். ஆமாம், இன்னும் வைத்திருக்கிறேன். சாட்சிப் பொருளைப் போல வைத்திருந்தேன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள். மூடியின் ஓரத்தில் உப்பு கட்டி தட்டியிருந்தது. எல்லாவற்றையும் சுரண்டிக் கிண்ணத்தில் கொட்டித் தராசில் வைத்தேன். கிண்ணத்தின் எடை போக 337 கிராம். நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை வைத்தேன். அதே 337. டப்பாவின் மேல் போட்டிருப்பது 400.

நீ அதைக் கொடுத்துவிட்டுப் போன நாளிலிருந்து அந்த ராத்திரி வரை 42 நாள். 63 கிராம்.

அந்த ராத்திரியைப் பற்றி உனக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். அதை எழுதத்தான் இவ்வளவு சுற்றுகிறேன்.

நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை, கால் துணி மாதிரி இருக்கிறது என்று அப்பா சொன்னதும், வண்டி பிடித்ததும், நீ அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி வந்ததும் உனக்கே தெரியும். இசிஜி தாளை நீட்டிப் பிடித்துக்கொண்டு அந்த இளம் டாக்டர் வந்தார். கோடு வரிசையாகக் கூடாரம் அடித்தது போல் கூராக எழும்பி எழும்பி இறங்கியிருந்தது. "பொட்டாசியம் 6.9. அஞ்சுக்குள்ள இருக்கணும். வீட்ல புதுசா ஏதாவது சாப்பிட ஆரம்பிச்சாரா?" என்று கேட்டார். அவர் பார்த்தது என்னை. அப்பாவோடு இருப்பவள் நான்தானே.

"அக்கா ஒரு உப்பு வாங்கிட்டு வந்தா" என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். நீ செருப்பைக் கீழே வைத்தாய், ஜோடியாக, சுவரை ஒட்டி.

அந்த நேரம் என் தோளில் துணிப் பை தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் ஆரஞ்சு ஜூஸ் பாட்டில். கிளம்பும் அவசரத்திலும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன், தெம்பாக இருக்கட்டும் என்று. அது வியர்த்து, பையின் துணியைத் தாண்டி என் இடுப்பில் ஈரம் சில்லென்று ஒட்டியது. "தினமும் ரெண்டு டம்ளர் ஆரஞ்சு ஜூஸும் குடிக்கிறார்" என்று அடுத்து நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. டாக்டர் உப்பு என்று எழுதி அடிக்கோடு போடுவதைப் பார்த்தேன். விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் நடைவழியில் உன்னிடம் கத்தியதை இங்கே எழுத மாட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள், அது போதும்.

நான் ஜூஸ் கொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. சும்மா கொடுக்கவில்லை. அப்பாவுக்கு ரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர் அதைத் தேநீரோடு போட்டுக்கொண்டிருந்தார். தேநீரில் இருக்கும் பாலிஃபீனால்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு ஒரு கப் குடித்தாலே தாவர உணவிலிருக்கும் இரும்பில் உடம்புக்குச் சேர வேண்டியதில் பாதிக்கு மேல் போய்விடும். காப்பியும் அதையேதான் செய்கிறது, கொஞ்சம் குறைவாக. வைட்டமின் சி இதற்கு நேர் எதிர், இரும்பைக் குடல் உறிஞ்சுவதற்குத் தோதான வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கும். இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் தேநீரை நிறுத்தி, காலையும் மாலையும் ஆரஞ்சு பிழிந்து கொடுத்தேன். விரலில் கத்தி பட்ட இடத்தில் சாறு இறங்கி எரியும். இரண்டு டம்ளருக்கு ஆறு பழம். அப்பாவும் குழந்தை மாதிரி மேலுதட்டில் நுரையோடு உட்கார்ந்திருப்பார்.

நான் படித்தது ஒன்றும் தப்பில்லை. நீ படித்ததும் தப்பில்லை. ரத்த அழுத்தத்துக்குச் சோடியத்தைக் குறைக்க வேண்டும் என்று படித்தாய், பாதி உப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்த டப்பாவை வாங்கினாய். சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரை வைத்து ஐந்து வருஷம் பார்த்து 2021-இல் முடிவு வெளியிட்டார்கள். அங்கே கொடுத்த உப்பில் நாலில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு. அதைச் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமே இப்படிப்பட்ட உப்புக்கு மாறலாம் என்று சொல்லிவிட்டது. அதே பரிந்துரையில் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்றும் இருக்கிறது. உன் டப்பாவின் முதுகிலும் அந்த வரி இருக்கிறது, எறும்பு எழுத்தில். நேற்று கண்ணாடி போட்டுப் படித்தேன்.

முதல் வரியைப் படித்துவிட்டு அடுத்ததை விடுவது நம் குடும்பத்துக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. தினமும் எட்டு டம்ளர் தண்ணீர் என்று நீ குரூப்பில் போட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? அது 1945-இல் அமெரிக்காவில் ஒரு ஊட்டச்சத்துக் குழு சொன்ன இரண்டரை லிட்டர் கணக்கிலிருந்து கிளம்பியதாம். அந்தத் தண்ணீரில் பெரும்பங்கு சாப்பாட்டிலேயே இருக்கிறது என்று கூடவே எழுதியிருந்தார்கள். அதை யாரும் ஃபார்வர்ட் செய்யவில்லை. (அதைப் பார்த்துவிட்டு அப்பா மணிக்கொரு டம்ளர் என்று அலாரம் வைத்துக் குடித்தார். ராத்திரி நாலு தடவை கைபிடித்துக் கூட்டிப்போனது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.)

சரி, கணக்குக்கு வருகிறேன். நேற்று பேனா எடுத்து உட்கார்ந்து போட்ட கணக்கு. 63 கிராமை 42 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு ஒன்றரை கிராம். அதில் பாதி பொட்டாசியம் குளோரைடு. அதன் எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே பொட்டாசியம். ஆக, உன் டப்பாவிலிருந்து நாளுக்குச் சுமார் 400 மில்லிகிராம் போயிருக்கிறது. டப்பா ஈரம் கோத்திருக்கும், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸில் 450 மில்லிகிராம் இருக்கும். இரண்டு டம்ளருக்கு 900.

உன்னுடையது 400. என்னுடையது 900.

நல்ல சிறுநீரகத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பெரியவர்களுக்கு நாளுக்கு 3,510 மில்லிகிராமாவது வேண்டும் என்கிறார்கள், நிறையப் பேர் அதை எட்டுவதற்கே திணற வேண்டியிருக்கும். வேண்டாததில் பத்தில் ஒன்பது பங்கைச் சிறுநீரகம் வெளியே அனுப்பிவிடும். அப்பாவுடையது அனுப்பவில்லை. போதாததற்கு, 'பிரில்' என்று பெயர் முடிகிற அந்த பிரஷர் மாத்திரை. அது ரத்த அழுத்தத்தை இறக்கும் அதே வழியில் பொட்டாசியம் வெளியேறுவதையும் குறைக்கும். ஒரு வாழைப்பழத்தில் 400, தோலோடு சுட்ட நடுத்தர உருளைக்கிழங்கில் 900. உடம்புக்கு நல்லது என்று நான் தேடித் தேடிக் கொடுத்தது எல்லாமே இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

அவரைத் தேற்றியதும் விசித்திரம்தான். சர்க்கரை வியாதியே இல்லாதவருக்கு இன்சுலின் போட்டார்கள், கூடவே குளுக்கோஸ். இன்சுலின் பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் தள்ளிவிடுமாம். அதற்கு முன்பே இதயத்துக்குக் காவலாகக் கால்சியம். நாலாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்கப்புறமும் ஒன்பது மாதம் இருந்தார், கடைசியில் நிமோனியாவில் போனார். உன் உப்பினாலும் இல்லை, என் ஜூஸினாலும் இல்லை. சித்தப்பா, நீங்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அக்காவைப் பற்றி உங்களிடம் நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன் அக்கா. நீ ஏன் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை? "நீ என்னடி கொடுத்தே?" என்று அந்த நடைவழியில் கேட்டிருந்தால் அங்கேயே உடைந்திருப்பேன். நீ கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாய், விடிந்ததும் ஊருக்குப் போய்விட்டாய். தியாகி மாதிரி. அது உன் பெருந்தன்மை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்த ஒன்பது மாதமும் உருளைக்கிழங்கை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் வெளுத்த தண்ணீரைக் கொட்டியது நான். (ஊறப்போட்டால் பெரிதாக ஒன்றும் இறங்காதாம், பொடியாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால்தான் பாதியாவது குறையும். அதுவும் மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது.) நீ ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தாய், அவ்வளவுதான். அந்த ஒரு டப்பாவுக்காக உன்னை அப்படிப் பேசினேன் என்று நினைக்கும்போது இதை எழுதும் கை நடுங்குகிறது. அது வேறு, இது வேறு. இரண்டும் இருக்கிறது.

கடைசி மாதம் ஒருநாள் அப்பா தானாகவே சொன்னார், "அவ வாங்கிட்டு வந்த உப்ப நான் அவ்வளவா போட்டுக்கல, அவகிட்ட சொல்லிடாத, வருத்தப்படுவா." நான் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். டானிக் பாட்டில் கிடைத்ததால்தான் இன்றைக்கு எழுதுகிறேன் என்று நீ நினைத்துக்கொள்வாய். எனக்கு முன்பே தெரியும். இதுதான் எழுதக் கஷ்டமாக இருந்த வரி.

வீட்டு விஷயம், கையெழுத்து விஷயம் எதுவும் இங்கே வேண்டாம். அது தனியாக.

உனக்கும் இப்போது பிரஷர் என்று சித்தி சொன்னார். மாத்திரையின் பெயரை எனக்கு அனுப்பு. சில பிரஷர் மாத்திரைகளுக்குக் கிரேப்ஃப்ரூட் ஜூஸ் ஆகாது. கனடாவில் டேவிட் பெய்லி என்பவர் 1989-இல் மதுவும் ஃபெலோடிபைன் என்ற பிரஷர் மாத்திரையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்தார். மதுவின் ருசி தெரியாமலிருக்க அந்த ஜூஸைக் கலந்து கொடுக்க, மருந்தின் அளவு ரத்தத்தில் பல மடங்கு ஏறிக் கிடந்தது. மதுவைக் காரணம் என்று எழுதிவிட்டுப் போகாமல், கூட இருந்த ஜூஸையும் தனியாக எடுத்துப் பார்த்தார். மருந்தை உடைக்கும் நொதியைக் குடலிலேயே அது முடக்கிவிடுகிறது, ஒரு டம்ளர் குடித்தால் மறுநாளும் அந்த வேலை தொடர்கிறது. அதனால் பெயரை அனுப்பு. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் ஒரு தடவை பார்த்துவிடு, பொட்டாசியமும்.

எல்லாம் சரியாக இருந்து டாக்டரும் சரி என்றால், உப்பு இங்கே இருக்கிறது. கிண்ணத்திலிருந்து டப்பாவுக்கே மாற்றிவிட்டேன். 337 கிராம்.

உன் தங்கை