சோதித்த இரத்தம் யாருக்கு முதலில்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மலேரியா பரவலாக உள்ள நாடுகளில் இரத்ததானம் எப்படி நடக்கிறது என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கொடையாளர் எல்லாரையும் சோதித்து, கிருமி இருந்தால் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று முடித்திருந்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆய்வகத்தில் பல வருடம் மலேரியா ஸ்லைடு (இரத்தத் துளி பூசிய கண்ணாடித் தகடு) பார்த்தவன் என்பதால், விஷயம் அதோடு முடிவதில்லை என்று எழுதத் தோன்றியது.

இரத்தம் ஏற்றியதால் மலேரியா வந்தது 1911-லேயே பதிவாகியிருக்கிறது. நோய் இல்லாத நாடுகள் இதைச் சுலபமாகச் சமாளிக்கின்றன. மலேரியா உள்ள இடத்துக்குப் போய் வந்தவரைச் சில மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். பிரிட்டன் போன்ற நாடுகளில் அதன்பிறகு ஆன்டிபாடி (கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் புரதம்) சோதனையும் உண்டு. நோய் நிரந்தரமாகக் குடியிருக்கும் இடத்தில் இந்த இரண்டும் உதவாது. சமீபத்தில் மலேரியா வந்ததா என்று கேட்டு ஒதுக்க ஆரம்பித்தால் கொடுப்பதற்கு ஆள் மிஞ்ச மாட்டார்கள். ஆன்டிபாடி, சிறு வயதிலிருந்து கொசுக்கடிபட்டு வளர்ந்த எல்லார் உடம்பிலும் இருக்கும். இன்றைக்கு இரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

கிருமியோடு வருகிற கொடையாளரும் நோயாளி மாதிரி இருக்க மாட்டார். திரும்பத் திரும்ப மலேரியா வந்து உடம்பு ஓரளவு பழகிவிட்டதால் காய்ச்சலோ நடுக்கமோ இல்லாமல் நல்ல தெம்போடு வந்து கை நீட்டுவார். சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் வெளியான கணக்கின்படி, கொடையாளர்களில் ஏறக்குறைய 10 சதவீதம் பேரின் இரத்தத்தில் மலேரியாக் கிருமியான ஒட்டுண்ணி இருந்தது. இடத்துக்கு இடம் இது பெரிய அளவில் மாறும்.

சரி, சோதிக்கிறோம். எதை வைத்து? பெரும்பாலான இடங்களில் கையில் இருப்பது மைக்ரோஸ்கோப் அல்லது விரைவுச் சோதனை அட்டை. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 50 முதல் 100 ஒட்டுண்ணியாவது இருந்தால்தான் வழக்கமான ஸ்லைடில் கண்ணில் படும். அட்டைக்கு 100, 200 வேண்டும். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பை இரத்தம் 450 மில்லி லிட்டர். மைக்ரோலிட்டருக்கு ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்தப் பைக்குள் நாலரை லட்சம் ஒட்டுண்ணிகள் இருக்கும். ஸ்லைடில் அது ‘இல்லை’ என்றுதான் வரும். நோய் உண்டாக்கப் பத்து ஒட்டுண்ணிகூடப் போதும். குளிர்பெட்டியில் வைத்தால் செத்துவிடும் என்றும் நம்ப முடியாது. இரண்டு வாரம் தாண்டியும் உயிரோடு இருக்கக்கூடியவை. ஸ்லைடில் தடிமனாகப் பூசிய இரத்தத்தை, ஒட்டுண்ணியை நிறம் காட்டும் ஜீம்சா சாயத்தில் ஊறவைத்து, மைக்ரோஸ்கோப்பில் நூறு பார்வைப் புலங்களைப் பொறுமையாகப் பார்த்தால்தான் ‘இல்லை’ என்று எழுதலாம். பின்னால் ஸ்லைடுகள் குவிந்துகிடக்கும்போது அந்தப் பொறுமை எவ்வளவு சுருங்கும் என்பது மேஜையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். அட்டையிலோ வேறு சிக்கல். குணமாகிச் சில வாரம் ஆனபிறகும் சிலருக்கு ‘இருக்கிறது’ என்றே காட்டும். அது தேடுகிற புரதத்தை உண்டாக்காத ஒட்டுண்ணி வகைகளும் இப்போது பரவிவருகின்றன. அவை அட்டையில் சிக்காது.

இதைவிடப் பல மடங்கு நுட்பமான மரபணுச் சோதனை வந்துவிட்டது. கொடையாளர் இரத்தத்துக்கென்றே செய்யப்பட்ட ஒன்றுக்கு 2024-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்த இயந்திரமும் தடையில்லாத மின்சாரமும் ரசாயனங்களும் மலேரியா அதிகமுள்ள ஊர்களின் சின்ன மருத்துவமனைகளை எப்போது எட்டும்? கானாவின் குமாசியில் வேறு வழியில் முயன்றார்கள். ஒட்டுண்ணியைச் செயலிழக்கச் செய்ய, இரத்தத்தில் ரிபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) சேர்த்துப் புறஊதா ஒளி பாய்ச்சினார்கள். 2016-ல் முடிவு வந்தது. ஒட்டுண்ணி உள்ள இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களில், அப்படியே ஏற்றிய 37 பேரில் 8 பேருக்கு மலேரியா தொற்றியது. ஒளி பாய்ச்சி ஏற்றிய 28 பேரில் ஒருவருக்கு மட்டும். சிறிய ஆய்வுதான், ஆனாலும் இந்த வழியைத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

அதுவரை என்ன செய்வது? பத்தில் ஒரு பையைக் கொட்டிவிடுவதா? அந்த இடங்களில் இரத்தம் பெரும்பாலும் போவது ஐந்து வயதுக்குக் கீழே கடும் சோகையோடு வரும் குழந்தைகளுக்கும், பிரசவத்தில் இரத்தப்போக்கு ஏற்பட்ட பெண்களுக்கும். பை கிடைக்காவிட்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். மலேரியாவுக்காவது மருந்து இருக்கிறது. இரத்தமே இல்லாமல் போவதைவிட மலேரியா உள்ள இரத்தம் மேல் என்று சொல்ல எனக்கும் கூசுகிறது. ஆனால் அங்கே நிலைமை அதுதான்.

ஆகவே கொட்டுவதற்காகச் சோதிக்காமல், பிரித்து வைப்பதற்காகச் சோதிக்க வேண்டும். பையின் மேலேயே முடிவை எழுதுங்கள். கிருமி தென்படாத பையைப் பச்சிளம் குழந்தை, கர்ப்பிணி, அரிவாள் செல் சோகை உள்ளவர், மலேரியா இல்லாத ஊரிலிருந்து வந்தவர் ஆகியோருக்கு முதலில் கொடுங்கள். கடும் மலேரியாவால் சோகையாகி ஆர்ட்டிசுனேட் என்ற மலேரியா மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும் குழந்தை ஏற்கெனவே மருந்தில் இருக்கிறது. வேறு பை இல்லாத நேரத்தில் கிருமி தென்பட்ட பையை அந்தக் குழந்தைக்குக் கொடுப்பதில் ஆபத்து குறைவு. மலேரியா மருந்தில் இல்லாத ஒருவருக்கு அந்தப் பையை ஏற்றியே ஆகவேண்டும் என்றால் கூடவே மருந்தும் தொடங்க வேண்டும். அப்புறம், இரத்தம் ஏற்றிச் சில நாள் கழித்துக் காய்ச்சல் வந்தால் உடனே ஸ்லைடு பார்க்கச் சொல்லி, வீட்டுக்கு அனுப்பும்போதே சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். கிருமி தென்படாத பை ஏற்றிக்கொண்டவருக்கும் இது பொருந்தும்.

கடைசியாக, உங்கள் கட்டுரை தொடாத ஒருவர் உண்டு: இரத்தம் கொடுத்தவர். அவர் பை ‘இருக்கிறது’ என்று வந்தால் இரத்த வங்கி அதை அவரிடம் சொல்லியே ஆக வேண்டும். தெரியாமல் அவர் நடமாடினால் அவரைக் கடிக்கும் கொசு அடுத்தவருக்குக் கொண்டுபோகும். ஃபால்சிபாரம் என்ற மலேரியா வகைக்கு மாத்திரை மூன்று நாள்தான். அதைக் கையில் கொடுத்து, குணமானபின் எப்போது மறுபடி வரலாம் என்று தேதியும் சொல்லி அனுப்பினால் அந்தக் கொடையாளரையும் இழக்க மாட்டோம். இதைப் பற்றி உங்கள் இதழ் தனியாக ஒரு கட்டுரை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்