மைலைக் கிலோமீட்டர் எனக் காட்டிய பயணச் செயலி: புகார் கடிதம்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: சிங்கப்பூர் – நியூயார்க் வான்வழித் தொலைவும் பயண நேரமும் தவறாகக் காட்டப்பட்டமை குறித்து.

ஐயா / அம்மையீர்,

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே உள்ள தொலைவு 9,537 கிலோமீட்டர் என்றும், எங்கும் நிற்காமல் செல்லும் விமானத்தில் பயண நேரம் 10 மணி 36 நிமிடம் என்றும் தங்கள் செயலி காட்டியதை நம்பி, முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதமே ஆகியிருந்த என் தந்தைக்கு, பிராங்க்பர்ட்டில் இறங்கிச் செல்லும் பயணத்தைத் தவிர்த்து நேரடி விமானத்திலேயே பயணச்சீட்டு எடுத்தேன். பத்தரை மணி நேரம்தானே, இடையிடையே எழுந்து நடந்து சமாளித்துவிடலாம் என்பது எங்கள் கணக்கு. அந்தப் பயணம் 18 மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும் என்பது, கால் நீட்ட வசதியான இருக்கை கேட்டு விமான நிறுவனத்தை அழைத்தபோதுதான் தெரிந்தது. சீட்டை மாற்றியதற்கான கட்டணத்தை நானே செலுத்த நேர்ந்தது.

சீட்டில் இருந்த நேரத்தைப் பார்த்திருக்கலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். பார்த்தேன். நள்ளிரவையொட்டிப் புறப்பட்டு விடியற்காலையில் சென்றடைவதாக இருந்தது. இரண்டுமே அந்தந்த ஊரின் நேரம். சிங்கப்பூர் நியூயார்க்கைவிட 12 அல்லது 13 மணி நேரம் முன்னே இருப்பதால், பயணத்தின் உண்மையான நீளம் அதில் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் தங்கள் செயலியை நாடினேன்.

பிழை எங்கே நேர்ந்தது என்பதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. 9,537 என்பது மைல் கணக்கு. கிலோமீட்டரில் அது சுமார் 15,350. மைல் எண்ணுக்குப் பக்கத்தில் கிலோமீட்டர் என்று எழுதி, அதையே மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்திருக்கிறீர்கள். வகுத்துப் பாருங்கள், சரியாக 10 மணி 36 நிமிடம் வருகிறது.

இதை முதல்முறை தெரிவித்தபோது, 'காட்டப்படும் அளவுகள் தோராயமானவை' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. ஏறத்தாழ 5,800 கிலோமீட்டர் விடுபட்டதைத் தோராயம் என்று ஏற்க இயலவில்லை. தொலைவைச் சரிசெய்தாலும் அதே வகுத்தல் 17 மணி நேரத்தையே தரும். ஓடுபாதையை நோக்கி ஊர்ந்து செல்லும் நேரமும் காற்றின் போக்கும் அதில் சேராது. காற்று சாதகமாக இருந்தால், மிகக் குறுகிய பாதையை விட்டு பசிபிக் கடல் வழியே சுற்றிச் செல்லும் விமானங்களும் இந்தத் தடத்தில் உண்டு. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே, மேற்கு நோக்கிப் போவதைவிடக் கிழக்கு நோக்கி வருவது ஏறக்குறைய ஒரு மணி நேரம் குறைவு. தங்கள் செயலியிலோ போக, வர இரண்டுக்கும் ஒரே நேரம்தான்.

ஆகவே, நான் செலுத்திய மாற்றுக் கட்டணத்தைத் திருப்பித் தருமாறும், இந்தத் தடத்தின் அளவை உடனே திருத்துமாறும், பயண நேரத்தை வகுத்தலால் கணிக்காமல் விமான நிறுவனங்களின் கால அட்டவணையிலிருந்து எடுத்துத் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். செயலியில் தெரிந்த பக்கத்தின் படமும் கட்டண ரசீதும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. பதினைந்து நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் செயலியின் பயனாளர்