மூணு பேருக்கும் ஒரே பெட்டி வேண்டாம்

தக்கலை

அன்பு மகளுக்கு,

மூணு பிள்ளைகளுக்கும் சேர்த்து பெரிய லெகோ கட்டைப் பெட்டி ஒண்ணு வாங்கப் போறதாச் சொன்னியே மக்களே, வாங்கிராதே. லீவுக்கு வந்தப்போ நடந்ததை உன்கிட்ட நான் சொல்லல. குட்டி திண்ணையில சத்தமே இல்லாம இருந்தா. ஒரு பக்கக் கன்னம் துருத்திக்கிட்டு இருந்தது. பெரியவனோட கார் சக்கரம், எச்சில் ஒழுக, கடைவாயில. துப்ப வச்சேன். என் கை நடுக்கம் நிக்க நேரமாச்சு.

மூணு வயசு வரைக்கும் ஒரே கணக்குதான். டாய்லெட் பேப்பர் சுருளோட நடு அட்டைக்குழாய்க்குள்ள நுழையிற எதுவும் அவ கையில போகக்கூடாது. அவளுக்கு டூப்ளோங்கிற பெரிய கட்டை போதும். லெகோக்காரங்களே 1969-ல கொண்டுவந்தது. நீளம், அகலம், உயரம் எல்லாம் லெகோவோட சின்னக் கட்டையைவிட இரட்டிப்பு. அவ வளர்ந்த பிறகு அந்தச் சின்னக் கட்டையும் இதோட பொருந்தும். காந்தம் வச்ச சாமான் மட்டும் வீட்டுக்குள்ளயே வேண்டாம். ரெண்டு காந்தத்தை விழுங்கிட்டா குடலோட வேற வேற மடிப்புல நின்னு ஒண்ணையொண்ணு இழுத்து ஓட்டை போட்டுரும். எது வாங்கினாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாரு. 2021 ஜனவரியிலிருந்து பொம்மைக்கு அது கட்டாயம்.

நடுவுள்ளவனுக்கு நானே அயனி மரத்துல கட்டை அறுத்திருக்கேன். ரெண்டு சின்னது சேர்ந்தா ஒரு நடுத்தரம், ரெண்டு நடுத்தரம் சேர்ந்தா ஒரு பெரிசு. சாயம் பூசல, முனையெல்லாம் உப்புத்தாள் போட்டு மழுக்கியாச்சு. ஒட்டாத கட்டை, அதனால விழும். விழட்டும். எங்க கனம் கூடிச்சுன்னு அவன் கைக்கே தெரியும். நீ போய் நேராக்கி வைக்காதே.

பெரியவனுக்கு ஒன்பது வயசு. துளை போட்ட தகடும் நட்டு போல்ட்டும் உள்ள மெக்கானோ மாதிரி வாங்கு. மாத்தூர் தொட்டிப்பாலத்துல நின்னு, ஆத்துக்கு மேல கால்வாய் எப்படித் தாத்தா போகுதுன்னு கேட்டானே, அதைச் செய்யட்டும். நாலு தகட்டைச் சதுரமா முடுக்கினா ஆடும். மூலைக்கு மூலை குறுக்கே ஒண்ணு போட்டா அசையாது. நம்ம அடுக்களைக் கதவுக்குப் பின்னால சரிவா ஒரு சட்டம் இருக்குமே, அதுவும் இதுக்குத்தான். அதை நீ சொல்லிக் கொடுக்காதே; ஆடுறதைப் பார்த்து அவனே போடட்டும்.

கட்டைகளைப் பார்சல்ல அனுப்பியிருக்கேன். கூடவே பெரியவனோட சாமானுக்கு மூடி போட்ட பெட்டி ஒண்ணும் இருக்கு. மூடிக்குக் கொக்கி வச்சிருக்கேன். குட்டி கை எட்டாத உயரத்துல வையி.

அப்பா